மாரியோ ஏன் மெதுவாக ஓடினார்?

1990-களில் ஜொகூரில் வளர்ந்த நம்மில் பலருக்கு மாரியோ கொஞ்சம் நிதானமான ஆள். குற்றம் அவருடையது அல்ல, நம் வீட்டுத் தொலைக்காட்சியுடையது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி முறை. திரையில் நொடிக்கு 60 முறை படம் வரையப்படும். மலேசியாவும் சிங்கப்பூரும் எடுத்துக்கொண்டது பேல் முறை. இதில் நொடிக்கு 50 முறைதான். (இரண்டு நாடுகளுக்கும் ஒரே முறை என்பதால்தான் ஜொகூர்பாருவில் ஒரே பெட்டியில் இரண்டு ஊர் ஒளியலைகளையும் பார்த்தோம்.) அந்தக் காலத்து விளையாட்டுகள் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணவில்லை; வரையப்பட்ட படங்களை எண்ணின. ஜப்பானில் ஒரு நிமிடத்தில் முடிகிற ஓட்டம், 50-க்கு மாறும்போது 72 வினாடி ஆகிவிடும்.

ஜப்பானிலிருந்து அசல் ஃபேமிகாம் கொண்டுவந்தவர்களுக்கு வேறு தொல்லை. பேல் மட்டுமே தெரிந்த பெட்டியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது மேலும் கீழும் உருளும். 100 வோல்ட் அடாப்டரை நம் 240 வோல்ட்டில் செருகினால் அதோடு கதை முடிந்தது.

அதனால் பல வீடுகளுக்குள் வந்தது மைக்ரோ ஜீனியஸ் போன்ற தைவான் நகல்கள். நகல் என்று இளக்காரமாகச் சொல்கிறோம். ஆனால் அதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். பேல் நாடுகளுக்கான நகல்கள் பலவற்றில், படம் 50 ஆகக் குறைந்தாலும் சிப்பின் வேகம் ஜப்பானிய அசலுக்கு மிக நெருக்கமாக இருக்கும்: அங்கே 1.79 மெகாஹெர்ட்ஸ், இங்கே 1.77. இதனால் பாட்டின் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும். தாளம் மட்டும் விளம்பத்துக்கு இறங்கிவிடும். நாம் முணுமுணுத்துத் திரிந்த அந்த மெட்டு, ஜப்பான் பிள்ளைகள் கேட்ட அதே மெட்டுதான், மெதுவாக.

இந்த வித்தியாசத்தை ஒரே திரையில் பார்க்கத்தான் நான் சோனியின் பிவிஎம் ஒன்றை வாங்கினேன். தொலைக்காட்சி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்த மானிட்டர் இது. 20 அங்குலப் பெட்டி கிட்டத்தட்ட 30 கிலோ கனக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும். கன்சோல் எந்த நாட்டுடையது என்ற கவலை இதற்கில்லை. 50 வந்தாலும் 60 வந்தாலும் தானே புரிந்துகொள்ளும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வந்தால் என்டிஎஸ்சியா பேலா என்ற வண்ணத் தகராறே எழாது. 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் அப்படியே ஆர்ஜிபி கொடுக்கும். 1983-இன் முதல் ஃபேமிகாம் ஏரியல் வழியாக மட்டுமே பேசும். பிவிஎம்மில் சேனல் பிடிக்கும் டியூனர் கிடையாது. ஆகவே அதை மாற்றியமைத்துத்தான் இணைக்க வேண்டும்.

சமீபத்தில் அண்ணன் வந்தபோது ஜப்பான் மெஷினைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை பள்ளத்தில் விழுந்துவிட்டு, "என்னடா, ஸ்பீடா ஓடுது? ஏதாவது மாத்திட்டியா?" என்றார். இதுதான் அசல் வேகம் என்று விளக்கினேன். ஒத்துக்கொள்ளவில்லை. நகலை எடுத்து மாட்டச் சொன்னார். அதில் ஒருமுறைகூட விழவில்லை. விரல்கள் 50-க்குப் பழகியவை. எது சரியான வேகம் என்று அதற்குப் பிறகு நான் அவரிடம் வாதாடவில்லை.

இன்றைய எல்சிடி பெட்டியில் ஆடலாமே என்பார்கள். ஆடலாம். ஆனால் பழைய கன்சோலின் படத்தைப் பல எல்சிடிகள் உள்ளே வேறாக மாற்றித்தான் காட்டும். பொத்தானை அழுத்திச் சற்றுத் தாமதித்தே மாரியோ குதிப்பார். டக் ஹண்ட் துப்பாக்கியோ எல்சிடியில் வேலையே செய்யாது. பிக்சர் டியூபின் ஒளிதான் அதற்குக் கண்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை மணி நேரம் ஓடியது என்று சில மாடல்களின் மெனுவிலேயே பார்க்கலாம். விலை பேசுமுன் அதைப் பாருங்கள். மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே சுமார் 20,000 வோல்ட். சுவிட்சை அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கலாம். கெட்டுப்போனால் குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் பிக்சர் டியூப் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டன. என் பெட்டியில் சிவப்பு இலேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் மாலையில் ஒரு மணி நேரம்தான் போடுகிறேன். அதிலும் பாதியை அண்ணன் மகள் எடுத்துக்கொள்கிறாள். அவள் ஆடுவது 60-இல்.