குலசையில் ஓடிய கருப்பட்டி ரயில்

குலசை என்று அழைக்கப்படும் குலசேகரன்பட்டினம் என்றதும் தசராவும் முத்தாரம்மன் கோயிலும் நினைவுக்கு வரும். இப்போது ராக்கெட் ஏவுதளமும் சேர்ந்துகொண்டது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு ரயில் ஓடியது தெரியுமா, நேயர்களே?

பாரி கம்பெனிக்கு இங்கே ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. கரும்பில் அல்ல, பனங்கருப்பட்டியில் சர்க்கரை எடுத்த ஆலை! உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து கருப்பட்டி வந்து சேர வேண்டும். தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் மாட்டுவண்டி படும் பாடு இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் 1914 வாக்கில் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே கம்பெனியே தண்டவாளம் போட்டது. இரண்டே அடி அகலப் பாதை, டார்ஜிலிங் மலை ரயில் மாதிரி. கருப்பட்டியோடு ஆட்களும் ஏறிப் போனார்கள். திருநெல்வேலி ரயில் திருச்செந்தூருக்கு வந்ததே 1923இல்தான்!

ஆலை நின்றது, 1940இல் ரயிலும் நின்றது.

இதே போன்ற குறுகிய பாதை ஒன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உண்டு. டாலிலின் என்று பெயர். மூடப்படும் நிலையில் இருந்த அதை 1951இல் தன்னார்வலர்களே கையில் எடுத்து இன்றுவரை ஓட்டுகிறார்கள். குலசையில் இனி ரயிலை ஓட்டிக் காட்ட முடியாது. பாதை போன தடத்தை அடையாளம் கண்டு, ஊருக்கு ஒரு பலகையாவது நடலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ரயில் ஏக்கம் இங்கே இன்னும் தீரவில்லை; திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகக் கன்னியாகுமரிக்குப் புதிய ரயில் பாதை கேட்டு இந்த வட்டாரத்து மக்கள் குரல் கொடுத்து வருகிறார்கள்.