மீன் தொட்டிக்கு எந்த மணல்? நிறத்தைவிட மீனின் வாய் முக்கியம்

தொட்டியின் அளவு, வடிகட்டியின் விலை, விளக்கின் வாட் என எல்லாவற்றையும் இரண்டு கடைகளில் விசாரித்து வாங்குவோர்கூட, மணல் என்று வந்ததும் நிறத்தைப் பார்த்து ஒரு பையை எடுத்துக்கொண்டு பணம் கட்டிவிடுகிறார்கள். செராங்கூன் நார்த் அவென்யூ 1இல் உள்ள மீன் கடைகளில் வார இறுதியில் சற்று நேரம் நின்றால் இதைப் பார்க்கலாம். புதிய தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக வாடும்போது உணவையும் தண்ணீரையும் சந்தேகிப்பவர்களுக்கு, அடியில் கிடக்கும் மணல் நினைவுக்கு வருவதில்லை.

மணல் இரண்டு வழிகளில் மீனைப் பாதிக்கும். ஒன்று, அது கரைந்து தண்ணீரின் தன்மையை மாற்றும். மற்றொன்று, அதன் கூர்மையும் அளவும் மீனின் வாயையும் உடலையும் காயப்படுத்தும். முதலாவதுதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

வெள்ளை வெளேர் என்று இருக்கும் பவள மணல் பலருக்கும் பிடித்துப்போகிறது. பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான அந்த மணல் முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. தண்ணீரில் மெல்லக் கரைந்து அதன் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் உயர்த்திவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்கு அதுவே ஏற்றது. கப்பியும் மோலியும்கூடக் கடினமான தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை அப்படி அல்ல. அவை மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட தண்ணீருக்குப் பழகியவை. சிங்கப்பூர், மலேசியக் காட்டோடைகளுக்கே சொந்தமான ஹார்லெகுயின் ரஸ்போராவும் இந்த வகைதான். இலைகள் ஊறித் தேநீர் நிறம் ஏறிய ஓடைத் தண்ணீரில் வாழும் மீனைப் பவள மணல் மேல் விடுவது, அதை அதன் சொந்த ஊரிலேயே அந்நியமாக்குவதற்குச் சமம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீன்களின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை உண்டு தீர்க்கும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் பிஎச் 7 ஆக இருந்தால் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆகிவிட்டால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். தண்ணீர் சூடாக இருந்தாலும் அந்தப் பங்கு கூடும். நம் வீடுகளில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 28 பாகை செல்சியஸை ஒட்டி இருப்பதால், தவறான மணல் இங்கே கூடுதல் தீங்கு செய்கிறது.

கடையில் பையின் மேல் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒரு தேக்கரண்டி உலர்ந்த மணலின் மேல் சமையல் வினிகரைச் சில சொட்டுகள் விட வேண்டும். நுரை கிளம்பினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நுரை வராவிட்டாலும் முழுதாக நம்பிவிட முடியாது. சில வகைக் கற்களில் வினிகர் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். கண்ணாடிக் குவளை இரண்டில் ஒரே தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் மணலைப் போட்டு ஒரு வாரம் கழித்து இரண்டின் பிஎச் அளவையும் ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். கடற்கரையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வரும் மணலில் உப்பும் சிப்பித் துண்டுகளும் கலந்திருக்கும். நன்னீர் மீன்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது மீனின் வாய். கோரிடோரஸ் என்னும் சிறிய கெளுத்தி வகை, நாள் முழுக்க மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். மணலை வாயால் அள்ளி, அதிலுள்ள உணவுத் துணுக்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியேற்றும். அதன் மீசைதான் அதற்குக் கையும் மூக்கும். கடினமான சரளைக் கல்லில் அதனால் இப்படி உண்ண முடியாது. உணவு கல் இடுக்குகளில் விழுந்து அழுகும். மீனோ மேலேயே தேடிக் களைக்கும். மீசை தேய்ந்துபோன கோரிடோரஸைக் கண்டால் கூர்மையான கல்லைத்தான் எல்லாரும் குற்றம் சொல்வார்கள். அழுக்குப் படிந்த அடித்தளமும் அதில் வளரும் கிருமிகளும் அதே அளவுக்குக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்ல மணல் போட்டுவிட்டுச் சுத்தம் செய்யாமல் விட்டாலும் மீசை போய்விடும்.

பாம்பு போல நெளியும் குலி லோச் மீன் மணலுக்குள் புதைந்து ஒளிந்துகொள்ளும். அதற்கும் நுண்ணிய, வழவழப்பான மணலே தேவை. தங்கமீனின் கதை வேறு. அது எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். பட்டாணி அளவுள்ள கல் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்வது உண்டு. தங்கமீன் வளர்ப்பவர்கள் ஒன்று நைசான மணலைப் போடலாம், அல்லது வாய்க்குள்ளேயே போகாத பெரிய கூழாங்கற்களைப் போடலாம். நடுத்தர அளவுதான் ஆபத்து. நடுத்தண்ணீரில் நீந்தும் டெட்ரா, ரஸ்போரா போன்றவற்றுக்கு மணலின் அளவு அவ்வளவு முக்கியமில்லை.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள, உருண்டை முனைகள் கொண்ட குவார்ட்ஸ் மணலே பொருந்தும். அது தண்ணீரில் கரையாது. இயற்கையான பழுப்பு நிறத்தில் கிடைப்பதே நல்லது. விரலிடையே தேய்த்தால் உறுத்தக் கூடாது. அதைவிட மெல்லிய மணல் பொடியாகக் கிளம்பி வடிகட்டியின் மோட்டாருக்குள் போய்விடும். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. காந்தத் துடைப்பானுக்குள் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும்.

நிறத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. பளிச்சென்ற வெள்ளைத் தரையில் பல மீன்கள் தங்கள் நிறத்தை வெளிறச் செய்துகொள்ளும். அடர்ந்த நிறத் தரையில் அதே மீன்கள் செழித்துத் தெரியும். வெள்ளை மணல் வாங்கிவிட்டு, “கடையில் பார்த்த சிவப்பு இல்லையே” என்று கேட்பவர்களுக்கான பதில் பெரும்பாலும் இதுதான்.

செடிகள் அதிகம் வளர்க்க விரும்புவோரிடம் கடைக்காரர்கள் ‘சாயில்’ எனப்படும் சுட்ட களிமண் உருண்டைகளைக் காட்டுவார்கள். அது செடிக்கு ஊட்டம் தரும், பிஎச் அளவையும் இறக்கும். ஆனால் பல வகைச் சாயில்கள் முதல் சில வாரங்களில் தாமே அமோனியாவை வெளியிடும். அதைப் போட்ட அன்றே மீனை விடுவது கூடாது. நாளடைவில் உருண்டைகள் உடைந்து சேறாகிவிடும் என்பதால், மாற்றும் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று செடிகள் போதும் என்றால், சாதாரண மணலில் வேருக்கருகே உரமாத்திரை புதைத்தாலே வளரும்.

எவ்வளவு வாங்குவது? நீளம் 60, அகலம் 30 சென்டிமீட்டர் உள்ள தொட்டியில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப 5.4 லிட்டர் மணல் வேண்டும். எடையில் ஏறத்தாழ 8 கிலோ. செடி நடும் பகுதியில் மட்டும் 5 சென்டிமீட்டராக உயர்த்தலாம். கிளறப்படாமல் தடிமனாக இறுகிய நுண்மணலில் காற்று புகாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அங்கே சேரும். மணலுக்குள் ஊர்ந்து திரியும் ‘மலேசியன் டிரம்பெட்’ நத்தை இந்த இறுக்கத்தைத் தளர்த்தும். உணவு மிஞ்சினால் நூற்றுக்கணக்கில் பெருகிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு விட வேண்டும்.

மணலைக் கழுவும்போது சோப்பு படவே கூடாது. வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கலக்கி ஊற்ற வேண்டும். வீவக வீட்டுக் குளியலறையில் இதைச் செய்வோர், கலங்கல் நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மணல் இறங்கினால் வடிகால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே மீன்கள் வாழும் தொட்டியில் தவறான மணல் கிடந்தால் பதற்றத்தில் ஒரே நாளில் அள்ளிவிடக் கூடாது. நன்மை செய்யும் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி அந்த மணலில்தான் குடியிருக்கிறது. பிஎச் அளவும் சட்டென்று மாறினால் மீன் தாங்காது. மூன்றில் ஒரு பங்காக, இரண்டு வார இடைவெளியில் மாற்றலாம். அந்த நாள்களில் வடிகட்டியின் பஞ்சைக் கழுவாமல் விட்டுவைப்பது நல்லது. கழுவியே ஆக வேண்டும் என்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரமின், மிச்சமிருக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும்.