குப்பியில் வந்த துரு

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வட்டாரத்திலிருந்து 1983இல் வார்ஹாமர் விளையாட்டு வெளிவந்தபோது, அதன் படைவீரர்கள் ஈயக் கலவையில் வார்த்த குட்டிப் பொம்மைகள். கட்டைவிரலில் பாதி உயரம்தான். பெயின்ட் அடிப்பது வாங்கியவர் பாடு. முதலில் ஹம்ப்ரால் எனாமல் டப்பாக்கள், பிறகு தண்ணீரில் கரையும் அக்ரிலிக். துருவுக்கென்றோ பழைய மரத்துக்கென்றோ இன்றுபோல் குப்பி வரிசை கிடையாது.

பெரும்பாலானவர்கள் அன்று இரண்டு வித்தைகளை வைத்தே காலம் தள்ளினார்கள். ஒன்று டிரை பிரஷ்: தூரிகையில் தொட்ட பெயின்ட்டைத் துணியில் துடைத்துவிட்டு, ஒட்டியிருப்பதை மேடுகளில் மட்டும் தேய்ப்பது. மற்றது வாஷ்: பெயின்ட்டை நீர்க்கக் கரைத்துப் பள்ளங்களில் தேங்கவிடுவது. வாளுக்குக் கறுப்பின் மேல் வெள்ளி, ஈட்டிக் காம்புக்கு பிரவுன். வேலை முடிந்தது. நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்து எழுந்த எலும்புக்கூட்டின் கையிலும் வாள் பளபளவென்று இருக்கும். 1990களில் இந்தப் பளிச் நிறங்கள் உச்சத்துக்குப் போயின. அழுக்கும் சிதைவுமாக ஓவியர் ஜான் பிளாஞ்ச் வரைந்த வார்ஹாமர் உலகம் படங்களில் இருந்தது. மேசைமேல் நின்ற பெரும்பாலான படைகளில் இல்லை.

துருவை அப்போது கரைத்துக் குடித்திருந்தவர்கள் டாங்கி மாடல் செய்பவர்கள். பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் 1980களில் பரப்பிய பாணியிலிருந்து அவர்களுடைய கைப்பழக்கம் எங்கெங்கோ வளர்ந்துவிட்டது. எண்ணெய் வண்ணம், ஸ்பாஞ்சுத் துண்டு, பிக்மென்ட் பொடி எல்லாம் மெல்ல மெல்ல பேன்டஸி பொம்மைகளுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஹேர் ஸ்பிரே முறை. முதலில் துரு நிறத்தை அடித்துக் காயவிட வேண்டும். அதன்மேல் கடையில் விற்கும் சாதாரண ஹேர் ஸ்பிரே. அதுவும் காய்ந்த பிறகு மேல் நிறம். அந்த நிறம் ஓரளவு காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடியிலுள்ள ஸ்பிரே கரைந்து, மேல் பெயின்ட் சின்னச் சின்னச் செதிலாக உரியும். இங்கே உரிதலை யாரும் வரைவதில்லை. பெயின்ட் உண்மையாகவே உரிகிறது.

மரத்தில் நடந்த மாற்றம் இதைவிட நுட்பமானது. மரம் என்றாலே பிரவுன் என்று அன்று அடித்தோம். ஆனால் வெளியே கிடக்கும் மரம் பிரவுனாக இருப்பதில்லை. வெயில் மரத்திலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மேலே மிஞ்சும் நார் சாம்பல் நிறமாகிறது. அதனால் நல்ல கைகள் இன்று கேடயப் பலகையைச் சாம்பல் கலந்த பிரவுனில் தொடங்குகின்றன. பலகைக்குப் பலகை நிறத்தைக் கொஞ்சம் மாற்றி, இழைக்கோடுகளை மெல்லிய தூரிகையால் இழுத்து, ஆணியடித்த இடத்தின் கீழே மட்டும் துருக்கறை ஒழுகவிடுகிறார்கள். கை பிடிக்கும் இடம் கறுத்து மழுங்கியிருக்கும். அந்த ஒரு தொடுதலிலேயே கேடயத்துக்கு ஒரு சொந்தக்காரன் வந்துவிடுகிறான்.

2012இல் வார்ஹாமர் பொம்மைகளுக்கான பெயின்ட் பிராண்டான சிட்டடெல் தன் பெயின்ட் வரிசையைப் புதுப்பித்தது. அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற பழுப்பு வாஷ் அப்போது வந்தது. சொரசொரப்பான துகள் கலந்த டைபஸ் கரோஷன், அதன்மேல் தேய்க்க ரைசா ரஸ்ட் என்ற ஆரஞ்சு, பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்புக்கு நிஹிலாக் ஆக்சைடு என்று வரிசை நீண்டது. 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட், நிழலையும் வெளிச்சத்தையும் ஒரே பூச்சில் கொடுக்கிறது. நூறு எலும்புக்கூடுகளை வைத்துக்கொண்டு முழிப்பவருக்கு இவை பெரிய வரம். புதிதாக வருபவர் ஒரே மாலையில் துருப்பிடித்த வாளைக் கையில் ஏந்த முடிகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் துரு எங்கே பிடிக்கும் என்பது குப்பிக்குத் தெரியாது. பட்டைகள் சேரும் இடுக்கில், தண்ணீர் தேங்கும் மடிப்பில்தான் அது முதலில் இறங்கும். தினமும் தீட்டும் வெட்டுவாயில் இருக்காது. இன்று பல படைகளில் வாளின் அடி முதல் நுனி வரை ஒரே ஆரஞ்சைப் பார்க்கிறேன், அதுவும் புதுத்துருவின் ஆரஞ்சு. பழைய துரு கரும்பழுப்பாகத்தான் இருக்கும். குப்பிகளைத் தாராளமாக வாங்குங்கள். திறப்பதற்கு முன் ஒரு பழைய இரும்புக் கேட்டின் கீலை நின்று பாருங்கள்; ஆரஞ்சைக் கடைசியாக, கொஞ்சமாகத் தொடுங்கள்.