இரைவேளையில் மலைப்பாம்பு
கல்வராயன் மலையின் உயிர்கள் – 11

இத்தொடரின் முந்தைய பகுதிகளில் நல்ல பாம்பும் விரியனும் இடம்பெற்றன. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கல்வராயன் மலையில் அவற்றைவிட உருவில் பன்மடங்கு பெரியதும், ஒரு துளி நஞ்சுகூட இல்லாததும், அப்படியிருந்தும் அவற்றைவிட அதிகமாக மக்களை மிரள வைப்பதுமான பாம்பு மலைப்பாம்பு. இரையைப் பல்லால் கவ்வி, உடலால் சுற்றி, இறுக்கிக் கொன்றபின் விழுங்குவதால் இதுவும் இதன் உறவினங்களும் இறுக்கிப் பாம்புகள் என்ற வகையில் அடங்கும். ‘இருதலைப் பாம்பு’ என்று கோடிக்கணக்கில் விலைபேசப்படும் அப்பாவி மண்ணுளிப் பாம்பும் இதே முறையில்தான் எலி பிடிக்கிறது. அதற்குச் செல்வம் சேர்க்கும் ஆற்றல் ஏதுமில்லை என்பதை வழக்குகளில் சிக்கியவர்கள் காலம் கடந்தே உணர்கிறார்கள்.

மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது பற்றிச் சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இந்திய மலைப்பாம்பு இடம்பெற்றிருப்பதால், அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு, தென்னமெரிக்க போவா போன்ற அயல்நாட்டு இனங்களை வளர்ப்போர் நம் நகரங்களில் பெருகியிருக்கிறார்கள். இத்தகைய குட்டிகள் பயணப் பெட்டிகளில் அடைத்துக் கடத்தி வரப்பட்டுச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினரிடம் பலமுறை சிக்கியுள்ளன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024-ஆம் ஆண்டு விதிகளும், சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியுள்ளன. கைக்கு அடக்கமான குட்டியாக வாங்கப்படும் பர்மிய மலைப்பாம்பு சில ஆண்டுகளிலேயே பத்தடியைத் தாண்டிவிடும் என்பது வாங்கும்போது பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை.

வளர்க்கப்படும் பெரும் பாம்புகளால் நேரும் விபத்துகள் பெரும்பாலும் இரையோடு தொடர்புடையவை. 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில், கூண்டிலிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்பு ஒன்று அதே வீட்டிலிருந்த இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. ஏறத்தாழ எட்டரை அடி நீளமிருந்த அந்தப் பாம்பு நெடுநாள் இரையில்லாமல் மெலிந்திருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. 2013-இல் கனடாவின் கேம்பல்டனில், ஊர்வனவற்றை விற்கும் கடை ஒன்றின் மாடியில் வளர்க்கப்பட்ட ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு தப்பிச் சென்று, உறங்கிக்கொண்டிருந்த இரு சிறுவர்களைக் கொன்றது. பட்டினியும் பாதுகாப்பற்ற கூண்டும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு முதல் நிகழ்வே போதுமான சான்று.

மலைப்பாம்பு இரையை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை அறிந்தால் பாதுகாப்பு விதிகள் தாமே விளங்கும். அதன் மேலுதட்டிலும் கீழுதட்டிலும் உள்ள செதில்கள் சிலவற்றில் ஊசியால் குத்தி எடுத்தாற்போன்ற சிறு குழிகள் உண்டு; வெப்பக் குழிகள் எனப்படும் இவை, சுற்றுப்புறத்தைவிடச் சற்றே சூடான ஓர் உடல் அருகில் வந்தாலும் இருட்டிலேயே அதன் திசையைக் காட்டிக்கொடுக்கும். பிளவுபட்ட நாக்கு காற்றிலுள்ள மணத்துகள்களைத் திரட்டி அண்ணத்திலுள்ள மோப்ப உறுப்பில் சேர்க்கிறது. எலி மணமும் இளஞ்சூடும் அசைவும் ஒருசேரக் கிடைத்த நொடியில் கழுத்து ‘S’ வடிவில் பின்வாங்கி, நாக்கின் அசைவு விரைவாகி, கண்ணிமைக்கும் நேரத்தில் தாக்குதல் முடிந்துவிடும். வெறுங்கையால் முயலைத் தூக்கிவிட்டு அதே கையைக் கூண்டுக்குள் நீட்டுபவரின் கையும் அந்தப் பாம்புக்கு இளஞ்சூடுள்ள முயலே. ஆளை அடையாளம் கண்டு அது தயங்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அதன் இயல்பில் எந்த ஆதாரமும் கிடையாது.

எனவே, அனுபவமுள்ள வளர்ப்பாளர்களும் பாம்புப் பண்ணைப் பணியாளர்களும் இரை கொடுக்கும் வேலையைத் தனியாளாகச் செய்வதில்லை. எட்டடிக்கு மேற்பட்ட பாம்பென்றால் இரண்டாவது ஆள் உடனிருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் வழிகாட்டுதல்களில் காணப்படும் விதி. இரையைத் தொட்ட கை கழுவப்பட வேண்டும். இரை நீண்ட இடுக்கியால் நீட்டப்பட வேண்டும். ஒரே கூண்டில் இரு பாம்புகளுக்கு ஒருசேர இரை வைக்கக் கூடாது, ஏனெனில் ஒரே எலியின் இரு முனைகளையும் கவ்விய பாம்புகளில் பெரியது சிறியதையும் சேர்த்தே விழுங்கிவிடக்கூடும். இரை கொடுப்பதற்கென்று பாம்பை வேறொரு பெட்டிக்கு மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரை குட்டிகளுக்கு ஒருவேளை பொருந்தலாம். பன்னிரண்டடிப் பாம்பைப் பசி கிளம்பிய நிலையில் தூக்கிச் செல்வதும், விழுங்கிய பின் மீண்டும் தூக்கி வருவதும் ஆபத்தை இரட்டிப்பாக்கும் செயல்கள். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: இரை கொடுக்காத நாட்களில் கூண்டைத் திறந்ததும் கொக்கியால் பாம்பின் உடலை மெல்லத் தொடுவது. கொக்கி பட்டால் இன்று இரையில்லை என்பது சில மாதங்களில் அதற்குப் பழகிவிடும். கூண்டு திறந்தாலே இரைதான் என்று பழகிய பாம்பைவிட இது எவ்வளவோ மேல்.

உயிருள்ள இரையை விடுவது வேடிக்கை பார்ப்போரின் விருப்பமே தவிர, பாம்பின் தேவையன்று. பசியில்லாத பாம்போடு இரவு முழுவதும் அடைபட்ட எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிய நிகழ்வுகள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. வேடிக்கைக்காக ஓர் உயிரை அடைத்து மற்றொன்றுக்கு இரையாக்குவதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகக் கருதுகிறது. உறையவைத்த எலியையோ முயலையோ குளிர்ப்பெட்டியில் மெல்ல இளகவிட்டு, வெந்நீரில் உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதே நடைமுறை. பாம்பு உடலின் மிகப் பருத்த பகுதியின் பருமனை இரை பெரிதும் தாண்டக் கூடாது. வளர்ந்த பெரும் பாம்புக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு வேளை போதும்.

இறுக்குதல் மூச்சை நிறுத்திக் கொல்கிறது என்பதே நெடுங்கால நம்பிக்கை. அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் போபேக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், போவா இறுக்கிய எலியின் தமனி அழுத்தம் ஆறே நொடிகளில் பாதியாகக் குறைந்ததும், குருதியோட்டமே தடைப்பட்டதும் அளந்து காட்டப்பட்டன. இதயத் துடிப்பைப் போலி செய்யும் கருவியைச் செத்த எலிக்குள் வைத்து அதே குழு முன்னர் செய்த சோதனையில், துடிப்பு இருந்தபோது போவா அதிக நேரம் இறுக்கியது. கையில் சுற்றிய பாம்பிடமிருந்து விடுபடும் முறைக்கு இது அடிப்படை: துள்ளுவதும் இழுப்பதும் இறுக்கத்தைக் கூட்டும், பின்னோக்கி வளைந்த பற்கள் சதையைக் கிழிக்கும். வலுக்குறைந்த பகுதியான வாலின் நுனியிலிருந்து சுற்றுச்சுற்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கும் இரண்டாவது ஆள் வேண்டும்.

உண்ட மயக்கத்தில் கிடப்பவரை ‘இரையெடுத்த மலைப்பாம்பு’ என்று கேலி செய்வது நம் வழக்கம். ஸ்டீபன் செகோர், ஜாரெட் டைமண்ட் ஆகியோர் பர்மிய மலைப்பாம்பில் நடத்திய ஆய்வுகள் இக்கேலியைக் கேள்விக்குள்ளாக்குகின்றன. பேரிரை ஒன்றை விழுங்கியபின் அதன் வளர்சிதைமாற்ற வேகம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம், ஓய்வு நிலையைப்போல் நாற்பது மடங்குக்கு மேல்கூட உயர்கிறது. சிறுகுடல் எடையில் இருமடங்காகிறது. இதயத்தின் கீழறைத் தசை இரண்டே நாட்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005-இல் வேறொரு குழு காட்டியது. அசையாமல் கிடக்கும் அந்த உடலுக்குள் பந்தயக் குதிரையின் உழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. குளிரினாலோ, அச்சத்தினாலோ, தூக்கிக் கையாளுவதாலோ வேலை தடைப்பட்டால் பாம்பு இரையை அப்படியே கக்கிவிடும். இரை கொடுத்தபின் குறைந்தது இரண்டு நாட்கள் தொடக்கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுதான்.

இந்த விதி கல்வராயன் மலையடிவாரத்துக்கு வேறொரு வகையில் பொருந்துகிறது. கச்சிராயப்பாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆகிய ஊர்களின் சர்க்கரை ஆலைகளை நம்பிப் பயிராகும் கரும்புத் தோட்டங்களில் எலிக்குக் குறைவில்லை. எலியைத் தேடி வரும் மலைப்பாம்பு கோழிக்கூண்டையும் ஆட்டுப்பட்டியையும் கண்டுவிடுவது இயல்பு. மெலிந்த உடலோடு கூண்டின் இடுக்கில் நுழைந்த பாம்பு, ஒரு கோழியை விழுங்கியபின் வயிறு பருத்து வந்த வழியே வெளியேற முடியாமல் விடியும்வரை உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது, கம்பால் குத்துகிறார்கள், வாலைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்கிறார்கள். மிரண்ட பாம்பு, நனைந்து உருக்குலைந்த கோழியையோ ஆட்டுக்குட்டியையோ எல்லோர் முன்னிலையிலும் கக்குகிறது. காணொலிகளில் பலரும் வியந்து பார்ப்பது இந்தக் காட்சியைத்தான். இறந்த குட்டி மீளப்போவதில்லை. கக்கிய பாம்போ விழுங்கவும் கக்கவும் செலவிட்ட வலுவை இழந்து, மறுபடியும் பசியோடு அதே ஊரைச் சுற்றுகிறது. இழப்புக்கு ஆளான குடும்பத்தின் ஆத்திரம் நியாயமானதே. அந்தக் குத்தலால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் கேள்வி.

பிடிபட்ட பாம்புக்குக் ‘காட்டில் விடுமுன் ஏதாவது கொடுக்கலாம்’ என்று கோழியை நீட்டும் இரக்கமும் தவறானதே. நலமான மலைப்பாம்பு வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட இரையின்றி இருக்க வல்லது. அடைகாக்கும் பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் இரண்டு மாத அளவும் பெரும்பாலும் எதையும் உண்பதில்லை. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மலைப்பாம்புகளை ஆராய்ந்தவரும், பின்னாளில் கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றியவருமான எஸ். பூபதியின் ஆய்வுகளில், குளிர்காலத்தில் அவை வளைகளில் தங்கி வெயில் காய மட்டும் வெளிவருவது விரிவாகப் பதிவாகியுள்ளது. கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைப் பக்கம் மார்கழிக் குளிரில் பிடிபடும் பாம்பின் வாயில் இரையைத் திணித்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும்.

ஆகவே மலையிலும் அடிவாரத்திலும் உள்ளோர் செய்ய வேண்டியவை சில. கோழிக்கூண்டின் இடைவெளிகளை விரல் நுழையாத கம்பிவலையால் அடைக்கவும், ஆட்டுக்குட்டிகளை இரவில் கதவுள்ள இடத்தில் கட்டவும், மலைப்பாம்பு உள்ளே சிக்கியிருந்தால் குழந்தைகளையும் நாய்களையும் அப்புறப்படுத்தி, கம்பைக் கீழே போட்டுவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லவும். அவர்கள் வரும்வரை பாம்பைத் தொட வேண்டாம். இரையெடுத்த மலைப்பாம்பு எங்கும் ஓடிவிடாது.

(தொடரும்)