குளிராத இரவும் கறவை மாடும்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறும் பால்குடங்களைப் பார்க்காத மலேசியத் தமிழர் இருக்க முடியாது. அந்தப் பசும்பாலுக்கான ஏற்பாடு எப்போது தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கன்று ஈன்று ஆறேழு வாரம் ஆன பிறகே பால் உச்சத்துக்கு வரும். இரண்டையும் கூட்டினால் 330 நாளை நெருங்குகிறது. அப்படியென்றால், அடுத்த தைப்பூசத்துக்கு மடி நிறையப் பால் தரவேண்டிய மாடு, இந்தத் தைப்பூசம் முடிந்து ஒரு மாதத்தில் சினைபிடித்தாக வேண்டும். காவடிகள் இறங்கி ஊர் அடங்கிய கையோடு, சிலாங்கூரின் காப்பாரிலோ பந்திங்கிலோ ஏதோ ஒரு கொட்டகையில் சினை ஊசி போட ஆள் வந்திருக்க வேண்டும்.

பால் பண்ணை தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாடு அதிகம் கறக்கும்?" என்பதுதான். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அந்தக் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: எந்த மாடு இந்த ஊரின் இரவைத் தாங்கும்? வெயிலை அல்ல, இரவைத்தான் சொல்கிறேன். காரணம் புரிய மாட்டின் வயிற்றுக்குள் கொஞ்சம் போய் வரவேண்டும்.

படுத்து அசைபோடும் மாட்டின் அருகில் உட்கார்ந்து அதன் கழுத்தின் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். தோலுக்கு அடியில் ஓர் உருண்டை சரசரவென்று மேலே ஏறும். மாடு அதை நாற்பது, ஐம்பது தடவை மென்று விழுங்கும். சில விநாடி அமைதி. பிறகு அடுத்த உருண்டை ஏறும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இந்த வேலையே நடக்கிறது. புல்லின் நாரை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் இல்லை. அதைச் செய்வது முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். பெரிய இன மாடுகளில் அந்த அறை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். காற்றில்லாத அந்த இருட்டில் பாக்டீரியா, ஓரணு உயிர்கள், பூஞ்சைகள் எல்லாம் சேர்ந்து நாரைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அசிட்டிக் அமிலத்திலிருந்து பாலின் வெண்ணெய் வருகிறது. புரொப்பியோனிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, மடிக்குப் போய் பாலின் இனிப்பான லாக்டோஸ் ஆகிறது. வேலை முடிந்த நுண்ணுயிர்கள் அடுத்த இரைப்பைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே மாட்டுக்கே புரத உணவாகின்றன. மனிதர் தின்ன முடியாத புல்லிலிருந்து பால் வருவது இந்த வழியில்தான்.

மடி செய்யும் வேலையும் சிறியதல்ல. ஒரு லிட்டர் பால் உருவாக 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓடியாக வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நான்காயிரம், ஐயாயிரம் லிட்டர். அதன் இதயம் நாள் முழுக்க இதற்காகவும் உழைக்கிறது.

இவ்வளவு வேலை நடக்கும் இடத்தில் சூடு பிறக்காமல் இருக்காது. இரைப்பையின் புளிப்பு ஓர் அடுப்பு. பால் சுரப்பு இன்னோர் அடுப்பு. அதிகம் தின்று அதிகம் கறக்கும் மாடு அதிகச் சூட்டைச் சுமக்கிறது. பசுவின் உடல் வெப்பம் 38.5 பாகை. மிஞ்சிய சூட்டை அது வெளியே தள்ளியே ஆகவேண்டும். காற்று வறண்டிருந்தால் தோலின் ஈரமும் மூச்சின் ஈரமும் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். நம் ஊர்க் காற்றோ ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்தது. ஆவியாக அதில் இடமில்லை.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்றைக் கால்நடை அறிவியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அது 72ஐத் தாண்டினால் ஐரோப்பிய இனக் கறவை மாடு அயர்ந்து போகும். மிக அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68லேயே தொல்லை ஆரம்பம். கோலாலம்பூரின் ஒரு சாதாரணப் பிற்பகலை எடுத்துக்கொள்வோம்: வெப்பம் 32 பாகை, ஈரப்பதம் 65 விழுக்காடு. குறியீடு 83க்கு மேல் போகிறது. இதில் வியப்பில்லை. வியப்பு விடியற்காலையில் இருக்கிறது. நாம் போர்வையை இழுத்துக்கொள்ளும் நேரம், வெப்பம் 24க்கு இறங்கியிருக்கும், ஈரப்பதம் 95ஐத் தொட்டிருக்கும். அப்போதும் குறியீடு ஏறத்தாழ 75. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும், பெரும்பாலும் குளிர்ந்த இரவொன்று வந்து மாட்டின் சூட்டைக் கழித்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த இரவு வருவதே இல்லை. நேற்றைய சூடு மிச்சமிருக்க இன்றைய சூடு சேர்கிறது.

சூடு மிஞ்சினால் மாடு முதலில் தீவனத்தைக் குறைக்கும். அடுப்பை அணைக்க அதற்குத் தெரிந்த வழி அதுதான். இரத்தம் மடியை விட்டுத் தோலுக்கு ஓடும். படுக்க வேண்டிய மாடு காற்றுக்காக நின்றுகொண்டே இருக்கும். சினைப்பருவத்தின் அறிகுறி மங்கும். பிடித்த சினையும் முதல் நாட்களிலேயே கலைந்துபோகலாம். குளிர்நாட்டில் நாளுக்கு முப்பது லிட்டர் தந்த இனம் இங்கே பாதிகூடத் தராமல் மெலிந்து நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும் வளர்ப்பவரின் குறை அல்ல.

நம் முன்னோர் ஓட்டிவந்த மாடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை இங்கே 'உள்ளூர் இந்தியக் கறவை இனம்' என்றே கால்நடைத் துறையினர் வகைப்படுத்தியிருக்கிறார்கள். திமில், தொங்கும் அலைதாடி, பளபளக்கும் குட்டை மயிர், பெரிய வியர்வைச் சுரப்பிகள், உண்ணிக்கு எளிதில் இடம்கொடாத தோல். கறப்பது மூன்று, நான்கு லிட்டர்தான். அதனால்தான் உடம்பில் சூடும் குறைவு. ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி முடித்த தொழிலாளி, மாலையில் நிரைகளுக்கு நடுவே மாடு மேய்த்தார். நிர்வாகங்கள் இதை அனுமதித்தன. மாடு தின்றது மரத்துக்குப் போட்டியான களையை. லயத்து வீட்டுக்கு அது இரண்டாவது சம்பளம். பட்டணத்தில் சீக்கியர்களும் கொட்டகை வைத்திருந்தார்கள். சைக்கிளில் பால் வந்த காலத்தை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1970களில் கால்நடைச் சேவை இலாகா பால் சேகரிப்பு நிலையங்களைத் திறந்தது. ஹாலந்துக் கறுப்பு வெள்ளை மாட்டையும் பஞ்சாபின் செந்நிற சாஹிவாலையும் கலந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவாக்கிய இனம் இங்கே இறக்குமதியானது. ஜொகூரின் குளுவாங் கால்நடைக் கழகத்தில் அந்த வழியில் வளர்த்தெடுத்ததுதான் மாஃபிரிவால். எட்டு, பத்து லிட்டர் கறக்கும், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். சிறு பண்ணைக்கு இன்றும் இந்தக் கலப்பே தோது என்பது என் கருத்து. மூடிய கொட்டகையில் ராட்சத மின்விசிறிகளை இரவு பகலாக ஓட்டும் பெரிய நிறுவனங்கள் கறுப்பு வெள்ளைத் தூய ஹோல்ஸ்டீன் மாட்டை வைத்துக்கொள்ளட்டும். ஐந்து மாட்டுக்காரருக்கு அந்த மின்கட்டணம் கட்டுபடியாகாது.

அவர் செய்யக்கூடியவை வேறு. கொட்டகையின் முகடு கிழக்கு மேற்காக ஓடினால் காலை மாலை வெயில் உள்ளே அதிகம் நுழையாது. கூரை உயரமாக, பக்கங்கள் திறந்து இருக்கவேண்டும். தகரக் கூரையைவிட, பழைய அத்தாப்பு ஓலைக் கூரை மாட்டின் முதுகில் இறக்கும் சூடு மிகக் குறைவு. புகைபோல நீர் தெளிக்கும் கருவியை வாங்கி ஏமாற வேண்டாம். ஏற்கெனவே ஈரமான காற்றை அது இன்னும் ஈரமாக்கும். குழாயால் தோல் நனையும்வரை தண்ணீர் ஊற்றிவிட்டு விசிறியைப் போடுங்கள். ஓடும் காற்று மட்டுமே அந்த ஈரத்தை எடுத்துச் செல்லும். தீவனத்தின் பெரும்பங்கைச் சூரியன் சாய்ந்த பிறகு கொடுங்கள். தின்று சில மணி நேரம் கழித்தே இரைப்பையின் சூடு உச்சத்துக்கு வரும். அந்த நேரம் நண்பகலோடு மோதக் கூடாது. லிட்டர் பாலுக்கு நான்கைந்து லிட்டர் என்ற கணக்கில் குடிதண்ணீர் தொட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

தீவனக் கதை இன்னும் விசித்திரமானது. செம்பனைக் கொட்டையின் பருப்பில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கில் நூற்றுக்கு 14 முதல் 18 பங்கு புரதம் உண்டு. செம்புச் சத்து கூடுதலானதால் ஆட்டுக்கு, குறிப்பாகச் செம்மறிக்கு, அது நஞ்சாகலாம், மாடு தாங்கும். மலேசியா இதைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறது. உலகில் இதை மிக அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று நியூசிலாந்து. அங்கே புல் குறையும் மாதங்களில் மாடுகள் இதைத் தின்கின்றன. அந்த நாட்டின் பால் மாவு போர்ட் கிள்ளானில் வந்து இறங்குகிறது. நம் தோட்டத்துப் புண்ணாக்கு பல ஆயிரம் கிலோமீட்டர் போய், அந்நிய மாட்டின் வயிற்றுக்குள் நுழைந்து, மாவாக நம்மிடம் திரும்புகிறது. காப்பார்க் கொட்டகைக்கும் செம்பனை ஆலைக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு லாரிப் பயணம்.

பள்ளத்தாக்கில் வேறு தீவனங்களும் கிடைக்கின்றன. தவ்ஹு செய்யும் பட்டறைகளில் சோயாச் சக்கை மிஞ்சும். பீர் ஆலைகளில் பார்லிச் சக்கை மிஞ்சும். சிலாங்கூர் மாட்டுக்காரர்கள் இரண்டையும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சோயாச் சக்கை காலையில் இளஞ்சூட்டோடு அவித்த பருப்பு வாசனையில் வரும். பெரும்பகுதி தண்ணீர். மறுநாள் புளித்துப் பூசணம் பிடித்துவிடும். அன்றே தின்று தீர வேண்டும். சக்கை மட்டும் கொடுத்தால் அசைபோடுவது குறைந்து வயிறு புளிக்கும். நேப்பியர் புல் கட்டாயம் வேண்டும். ஆறேழு வாரத்தில் அதை அறுத்துவிட வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த புல் பார்க்கச் செழிப்பு. உள்ளே தண்டு கட்டையாகி, புரதம் குறைந்திருக்கும்.

கறக்கும் நேரத்தில் மாட்டின் மனநிலை முக்கியம். கன்று முட்டினாலோ மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவினாலோ மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு கிளம்பும். ஒரு நிமிடத்தில் காம்பில் பால் இறங்கும். அந்தச் சுரப்பின் வேகம் சில நிமிடங்களே. அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாட்டை அதட்டினால், அடித்தால், அச்சத்தின் சுரப்பு முந்திக்கொண்டு பாலை அடைத்துவிடும். சீம்பாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கன்று நோயெதிர்ப்புச் சத்து ஏறத்தாழ இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் எதிர்ப்புச் சத்து சீம்பால் வழியாக மட்டுமே அதற்குக் கிடைக்கும்; அதைக் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் 24 மணி நேரம் மட்டும், அதிலும் முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. அண்டை வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுப்பதற்கு முன் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் அதன் வயிற்றுக்குப் போகட்டும்.

கறந்த பால் நம் வெப்பத்தில் காத்திருக்காது. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா ஆறு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். உடனே 4 பாகைக்குக் குளிரவைக்க வேண்டும். விற்பதற்கு முன் 63 பாகையில் அரை மணி நேரம் அல்லது 72 பாகையில் 15 விநாடி சூடாக்குவது முறை. வீட்டுக்குப் பாக்கெட்டில் வாங்கும் பச்சைப்பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும், குறிப்பாகக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும், கொடுக்கவே கூடாது. மாட்டு நோய்களையும் மறக்கக் கூடாது. கோமாரி இங்கே நிரந்தரத் தொல்லை. தோல் கழலை நோய் 2021இல் நாட்டுக்குள் வந்தது. கொசுவும் கடிக்கும் ஈயும் அதைப் பரப்புகின்றன. இலாகா போடும் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. நிலம்தான் அப்படியில்லை. ஷா ஆலம் ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். புக்கிட் ஜெலுத்தோங், புக்கிட் ராஜா எல்லாம் தோட்டங்களாக இருந்து தாமான்களானவை. தோட்டம் போனபோது மேய்ச்சலும் போனது; மாடு மட்டும் மிஞ்சியது. இன்று சாலையோரம் திரியும் மாட்டை ஊராட்சி மன்றம் பிடித்து அபராதம் போடுகிறது. அதில் தவறில்லை; இரவில் சாலையில் நிற்கும் மாட்டில் மோதி உயிர் போகிறது. ஆனால் அந்த மாடு போக வேறு இடம் இருக்கிறதா என்று கேட்பதும் நியாயமே. நிலத்துக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தை நம்பி யாரும் புல் நட மாட்டார்கள், கொட்டகை கட்ட மாட்டார்கள், குளிரூட்டும் தொட்டி வாங்க மாட்டார்கள்.

தொடங்க நினைப்பவருக்கு என் யோசனை: முதலில் எழுத்துபூர்வமான நிலம், அடுத்து புல், அதற்குப் பிறகு இரண்டு மாஃபிரிவால் கிடாரிகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிலாங்கூர் மாநில அரசுக்கு ஒரு வேண்டுகோள்: காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் சிறு மாட்டுக்காரர்கள் சேர்ந்து பயன்படுத்தும் மேய்ச்சல் நிலத்தை, ஒரு கிடாரி வளர்ந்து பல ஈற்றுக் கறக்கும் காலத்துக்காவது, குறைந்தது 15 ஆண்டுக் குத்தகைக்கு ஒதுக்குங்கள்.