பெட்டியில் கிடக்கும் அந்தச் சின்ன ரப்பர்கள்

புது இயர்போன் வாங்கியதும் காதில் செருகிப் பாட்டைப் போட்டுவிடுகிறோம். அதே பெட்டியின் அடியில் ஒரு சிறு உறைக்குள் வேறு அளவுகளில் ரப்பர் முனைகள் இருக்கும். பலர் அந்த உறையைப் பிரிப்பதே இல்லை. காது வலி, அடிக்கடி கழன்று விழும் தொல்லை, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் ஆகிய மூன்றையும் முதலில் அந்த உறையிலிருந்துதான் சரிசெய்யத் தொடங்க வேண்டும் என்பேன்.

காதுத்துளை நேரான குழாய் அல்ல

பெரியவர்களின் காதுத்துளை ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம் இருக்கும். அதில் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்கு உள்ளே எலும்பு. எலும்பின்மேல் தோல் மிக மெல்லியது, லேசாக அழுத்தினாலே வலிக்கும். இயர்போனை ஆழமாகத் திணிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தாடை மூட்டு காதுத்துளைக்கு முன்னால் ஒட்டியே இருக்கிறது. வாய் அசையும்போது துளையின் வடிவமும் மாறும். முறுக்கைக் கடித்துக்கொண்டே போன் பேசினால் இயர்போன் நழுவுவது அதனால்தான். இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இடக் காதுக்கு நடுத்தரம், வலக் காதுக்குச் சிறியது என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அளவு தப்பினால் சத்தம் ஏறும்

ரப்பர் சிறியதாக இருந்தால் இடைவெளி விழும். தபேலா, மிருதங்கத்தின் கனத்த ஒலி முதலில் காணாமல் போகும். வெளி இரைச்சல் உள்ளே புகும். பேருந்திலோ மின்சார ரயிலிலோ அந்த இரைச்சலை மீறிக் கேட்க, நம்மையறியாமல் சத்தத்தைக் கூட்டுவோம். பெரியதாக இருந்தாலோ துளையின் சுவரை அழுத்திப் புண்ணாக்கும். வசதிக் குறைவு என்று நாம் நினைப்பது இப்படித்தான் செவித்திறனைப் பாதிக்கும் விஷயமாகிறது.

அளவு பார்ப்பது எளிது. காதுமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடித்தால் துளை சற்று நேராகும். அப்போது இயர்போனை லேசாகத் திருகி வையுங்கள். பாட்டு எதுவும் ஓடாமலே வெளிச்சத்தம் மங்க வேண்டும். தலையை ஆட்டினாலும் விழக்கூடாது. அரை மணி நேரம் கழித்தும் வலி, அழுத்தம் எதுவும் தெரியக்கூடாது. எந்த ரப்பரும் ஒத்துவராதவர்கள் அமுக்கினால் சுருங்கி விரியும் பஞ்சு முனைகளைப் போட்டுப் பார்க்கலாம். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள்.

சத்தத்துக்கு வாரக் கணக்கு

பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 83 டெசிபலுக்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. 100 டெசிபல் என்றால் வாரத்துக்கே சுமார் 20 நிமிடம்தான்! சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவது உண்மையில் பெரிய செலவு.

உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. அழிந்தால் மீண்டும் முளைக்காது. வழக்கமாக உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் போகும். அப்போது குரல் கேட்கும், சொல் பிடிபடாது. இரைச்சலான இடத்தில் அடிக்கடி “என்ன சொன்னே?” என்று கேட்க நேர்ந்தால் செவித்திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதிருப்பது நல்ல பழக்கம். எத்தனை மணி நேரம் எவ்வளவு சத்தத்தில் கேட்டோம் என்று காட்டும் வசதி இப்போது பல போன்களில் உண்டு. வெளி இரைச்சலைக் குறைக்கும் இயர்போன்கள் பயணத்தில் உதவும். ஆனால் சாலையில் நடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் எந்த இயர்போனும் காதில் இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

வியர்வையும் குறும்பியும்

குறும்பி அழுக்கு அல்ல. காதின் தோலைக் காப்பது. அது தானாக வெளியே நகரும். மணிக்கணக்கில் இயர்போன் அடைத்திருந்தால் அந்த வழி மறிபடும், உள்ளே ஈரமும் தங்கும். புழுக்கமான ஊர்களில் பூஞ்சைக்கு இது போதும். தலைக்குக் குளித்ததும் காது ஈரமாக இருக்கும்போது இயர்போன் மாட்டாதீர்கள். ரப்பர்களைத் தனியே கழற்றி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். நண்பருக்கு ஒரு பக்கம் கொடுத்துச் சேர்ந்து கேட்பது அன்புதான், ஆனாலும் வேண்டாம். அரித்தால் பஞ்சுக் குச்சி, ஊக்கு, எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம்?

காதுமடலை இழுத்தால் வலி, சீழ், அடைப்பு, விடாத இரைச்சல் இருந்தால் இயர்போனை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் காது வலியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அவர்களுக்கு வெளிக்காதுத் தொற்று எலும்பு வரை பரவக்கூடும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், குறும்பி அடைத்திருக்கும் என்று காத்திருக்காமல் அன்றே செல்லுங்கள். அதற்கான சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.