திடல் யாருடையது?

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் காலையில் பெயர் கூப்பிட ஒரு பெரட்டுக்களம் இருந்தது. மாலையில் ஓடி விளையாட ஒரு திடல் இருந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குப் போனவர்கள் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்ததும் பந்தோடு இறங்கிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரி நிறைய ஆள் போகும். தோற்றால் அடுத்த ஆட்டம் வரை கள்ளுக்கடையில் அதே பேச்சு. படம் காட்டுவதும் அந்தத் திடலில்தான். வெள்ளைத் துணிக்குப் பின்புறம் இடம் கிடைத்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். அவர்களும் அதே இடத்தில் விசிலடிப்பார்கள்.

அந்தத் தலைமுறைக்கு விளையாட்டில் பெரிய பெயர்கள் இருந்தன. பேராக்கின் எம். ராஜமணி 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காத்த மலேசியக் காற்பந்து அணி 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது, புறக்கணிப்பால் போகவில்லை. தோட்டத்துப் பையன் எவன் கோலுக்கு முன் நின்றாலும் ஆறுமுகமாகத்தான் நின்றான்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லயத்து வீடு, பள்ளி, கோயில் நின்ற மண், திடல் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோதே இது தெரிந்துவிட்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் மாதம் சில வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். தமிழர் காலடி மண் தமிழர் பெயரில் இருக்க வேண்டும் என்று அவர் பட்ட பாடு, இன்று நினைத்தாலும் நெஞ்சை நிறைக்கிறது. எல்லாத் தோட்டங்களையும் அது காப்பாற்றவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வந்தது. மக்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். அப்படி இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) திரைப்படம் கண்ணாடிபோலக் காட்டியது.

இன்று அந்தத் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் மணிக்கணக்கில் வாடகை கட்டி ஃபுட்சால் ஆடுகிறார்கள்; காசில்லாதவன் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுகிறான். பிரிமியர் லீக் அணிகளின் ஆட்டக்காரர் பட்டியல் தலைகீழாகத் தெரியும். 2018-இல் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது நடுவரிசையில் ஆடிய கென்னி பால்ராஜைக் கேட்டால் யோசிக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2025-26 பருவத்தில் பேராக் அணியே சூப்பர் லீக்கில் இல்லை.

கைப்பேசித் திரையால் வந்த நன்மையையும் சொல்ல வேண்டும். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது சுங்கை சிப்புட்டின் ஒரு சிறிய சமையலறையிலிருந்து சுகு–பவித்ரா இணையர் சரளமான மலாயில் சமைத்துக் காட்டினார்கள். பல லட்சம் பேர் பார்த்தார்கள். பிரதமர் தம் உரையில் பெயர் சொன்னார். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண்ணின் குரலை முழு நாடும் உட்கார்ந்து கேட்க, பழைய திடலில் எந்த வழியும் இருந்ததில்லை.

ஆனால் யூடியூப்பும் டிக்டாக்கும் இன்னொருவருடைய நிலம். விதி மாறினால் கூட்டம் கலையும், நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தவிர, பந்தை அடிக்கும் கால் படிக்கட்டில் வளராது. தோட்டத்தில் பிள்ளை குறைந்த தமிழ்ப்பள்ளிகள் பட்டணத்துக்கு இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. கட்டட வரைபடம் மேசைக்கு வரும்போதே பள்ளி வாரியமும் பெற்றோரும் திடலுக்கு எத்தனை ஏக்கர், பட்டா யார் பெயரில் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் வந்த பிறகு அடிக்கல் நாட்டலாம்.